பின்கோடு 623521

அன்பு மருமகளே,

போன வாரம் போனில் நீ கேட்ட இரண்டு கேள்விக்கும் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு ஒப்பவில்லை. ‘அல்காரிதம்னா என்ன மாமா? இன்டர்நெட் எங்கே இருக்கு?’ என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் அரைகுறையாகப் பதில் சொல்லக் கூடாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் ஆர்.எம்.எஸ்ஸில், அதாவது ரயில்வே தபால் சேவையில், தபால் பிரித்தவன் என்பது உனக்குத் தெரியும். ஓடுகிற ரயிலின் தபால் பெட்டிக்குள் ராத்திரி முழுக்க நின்றபடியே, சுவரில் வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன அறைகளில் கடிதங்களைப் போட்டுக்கொண்டே போவோம். கம்ப்யூட்டர் பற்றி நான் படித்தது வேலையை விட்ட பிறகுதான். படித்தபோது, இதைத்தானே இத்தனை நாள் கையால் செய்தோம் என்று தோன்றியது.

உங்கள் பாம்பனுக்குப் பின்கோடு 623521. இந்த ஆறு இலக்க முறை 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. முதலில் இருக்கும் 6 தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலம். முதல் மூன்று இலக்கம், அதாவது 623, ராமநாதபுரம் பக்கம். கடைசி மூன்று உங்கள் தபால் அலுவலகம். டெல்லியில் கடிதம் பிரிக்கிறவருக்குப் பாம்பன் என்று ஓர் ஊர் இருப்பதே தெரிய வேண்டாம். 6-ஐப் பார்த்ததும் தெற்கே போகிற பையில் போட்டுவிடுவார். தமிழ்நாட்டுக்குள் வந்த பிறகு பிரிக்கிறவர் 623 வரை படித்தால் போதும். ராமநாதபுரம் வந்த பிறகுதான் 521-ஐ ஒருவர் உற்றுப் பார்ப்பார். வழி முழுவதும் தெரிந்தவர் இதில் ஒருவரும் கிடையாது. ஆனாலும் கடிதம் உங்கள் வாசலுக்கு வந்துவிடும்.

அவரவர் செய்கிற அந்தச் சின்ன வேலைக்கு ஒரு விதி இருக்கிறதே, ‘இந்த இலக்கத்தைப் பார், இந்த அறையில் போடு, அடுத்த கடிதத்தை எடு, கட்டு தீர்ந்ததும் நிறுத்து’ என்று, அதுதான் அல்காரிதம். ஒவ்வொரு படியும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும். ஓர் இடத்தில் முடியவும் வேண்டும். யார் செய்தாலும் ஒரே விடை வர வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்ற கணித அறிஞரின் பெயர்தான் லத்தீனில் திரிந்து இந்தச் சொல் ஆனது. கம்ப்யூட்டர் வருவதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஆள் அவர்.

ஒரே வேலைக்கு மட்டமான செய்முறையும் உண்டு, நல்ல செய்முறையும் உண்டு. ஒரு லட்சம் சொல் உள்ள அகராதியில் ‘தோணி’யைத் தேடு என்கிறேன். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தால் அரை லட்சம் சொல்லைத் தாண்ட வேண்டிவரும். நீ அப்படியா செய்வாய்? நடுவில் திறப்பாய். தேடும் சொல் முன்னால் இருக்கிறதென்றால் பின்பாதியை விட்டுவிடுவாய். மிச்சத்தில் மறுபடி நடுவில் திறப்பாய். இப்படிப் பாதி பாதியாகக் கழித்தால் 17 தடவைக்குள் சொல் அகப்பட்டுவிடும். பத்து லட்சம் சொல் இருந்தால்? 20 தடவை. பத்து மடங்கு சரக்கு கூடியும் மூன்றே மூன்று தடவைதான் கூடுகிறது! முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் அகராதி அகர வரிசையில் இருந்தால்தான் இது நடக்கும். ராத்திரியெல்லாம் கால் கடுக்க நின்று நாங்கள் பிரித்ததும் காலையில் தேடுகிறவருக்கு வேலை குறைய வேண்டும் என்றுதான்.

இனி இன்டர்நெட். இதற்கு உங்கள் ஊர்க் கதையே போதும். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையில் ரயில் ஏறினால் தனுஷ்கோடி வர முடிந்தது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். அங்கே இறங்கிக் கொழும்புக்கு இன்னொரு ரயில். போட் மெயில் என்று பேர். நம் பக்கத்துத் தண்டவாளம் அப்போது மீட்டர் கேஜ். இலங்கையில் பிராட் கேஜ், அகலம் ஒன்றே முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இங்கே ஓடுகிற பெட்டி அங்கே ஓடாது. நடுவில் கடல் வேறு. பெட்டி மாறும், எஞ்சின் மாறும், ஆட்கள் மாறுவார்கள். தபால் மட்டும் போய்ச் சேர்ந்தது. உறையில் எழுதியிருந்த முகவரியை இரண்டு கரையிலும் ஒரே மாதிரி படித்தார்கள், அதனால்.

1970-களில் கம்ப்யூட்டர்களுக்கும் இதே சிக்கல்தான். போன் கம்பியில் ஒரு வலை, ரேடியோவில் ஒரு வலை, செயற்கைக்கோளில் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு கேஜ். விண்ட் செர்ஃப், பாப் கான் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். உள்ளே எப்படி வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளுங்கள், உறையின் மேல் முகவரி எழுதுகிற முறை மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்பதுதான் அதன் சாரம். 1983 ஜனவரி 1-ல் அமெரிக்காவின் அர்பாநெட் வலை அந்த முறைக்கு மாறியது. கம்பி, கோபுரம், பெரிய பெரிய கம்ப்யூட்டர் கூடங்கள் எல்லாம் ஏதோ ஓர் ஊரில் இருக்கின்றன, போய்ப் பார்க்கலாம். அவற்றை ஒரே வலையாக்குவது இந்த உடன்பாடுதான். உன் கேள்விக்கு என் பதில் இது.

துபாயில் இருக்கும் உன் அண்ணனுக்கு நீ ஒரு படம் அனுப்பினால் அது முழுசாகப் போகாது. சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கப்படும். ஒவ்வொரு துண்டிலும் அனுப்புகிற இடம், சேருகிற இடம், இது எத்தனையாவது துண்டு என்ற எண் எல்லாம் இருக்கும். வழியில் இருக்கும் ரவுட்டர் என்ற கருவிகள் நான் 623-ஐப் பார்த்த மாதிரி முகவரியின் முன்பகுதியை மட்டும் பார்த்து அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும். துண்டுகள் முன்பின்னாகப் போகும். சேர்ந்த இடத்தில் எண் பார்த்து அடுக்கப்படும். பதிவுத் தபாலுக்கு ஒப்புகை அட்டை வந்துகொண்டிருந்ததே, அதுபோல ‘வந்தது’ என்று பதில் திரும்பும். பதில் வராத துண்டு மறுபடி அனுப்பப்படும்.

1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியில் நடந்ததை உன் பாட்டி சொல்லிக் கேட்டிருப்பாய். புயல் பயணிகளோடு ரயிலையே கொண்டுபோனது. ஊர், ஸ்டேஷன், துறை எல்லாம் அழிந்துபோயின. தலைமன்னார்க் கப்பல் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து போகத் தொடங்கியது. சேதமான பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். பெரிய சாதனை. ஆனாலும் அந்த 46 நாளும் ராமேஸ்வரம் தீவுக்கு வேறு தண்டவாளம் இல்லை. ஒரே வழியை நம்பினால் அதுதான் கதி. இன்டர்நெட்டில் ஒரு கேபிள் அறுந்தால், வேறு கேபிள் இருக்கும் வரை, ரவுட்டர்கள் தமக்குள் பேசிக்கொண்டு துண்டுகளைச் சுற்றுவழியில் திருப்பிவிடும். அதற்கும் ஓர் அல்காரிதம்தான்.

இத்தனை சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும். உன் அப்பா கடலுக்குக் கொண்டுபோகும் ஜி.பி.எஸ். குறைந்தது நான்கு செயற்கைக்கோளிலிருந்து கணக்குப் போட்டுப் படகு நிற்கும் இடத்தைச் சொல்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காகச் செய்த செயலி கடல் எல்லை நெருங்கினால் எச்சரிக்கும். நல்ல கருவிகள். ஆனால் எவ்வளவு தூரத்தில் எச்சரிப்பது என்று முடிவு செய்தது ஒரு மனிதர். எஞ்சின் நின்று, நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போவது அந்த விதிக்குத் தெரியாது. ‘பாம்பன் பாலத்துக்குப் பக்கத்து வீடு’ என்று மட்டும் எழுதிய கடிதத்தைத் தபால்காரர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். எந்த விதியிலும் எழுதாத அறிவு அது. நீ போனில் பார்க்கும் வீடியோக்களுக்கும் ஒரு விதி இருக்கிறது. எதை அளந்து அடுத்ததைக் காட்ட வேண்டும் என்று அதை எழுதியவர் சொல்லியிருக்கிறார். ‘அல்காரிதம் காட்டுது’ என்று யாராவது சொன்னால், யார் எழுதிய விதி என்று கேள்.

ஒரு வேலை தருகிறேன். உன் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கலைத்துவிடு. அவற்றை அகர வரிசையில் அடுக்குவதற்கான படிகளை ஒரு தாளில் எழுது. தாளைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார். எந்தப் படியில் அவன் தடுமாறினான் என்பதை எனக்குக் கடிதமாக எழுது. உறையில் பின்கோடு போட மறக்காதே.

அன்புடன்,
மாமா
மதுரை