நிலை பெயராத நெஞ்சு

சேலையூர்

மருமகனுக்கு,

'அமரன்' படம் பார்த்துத் திரும்பிய இரவே ராணுவ அதிகாரியாவதென்று நிச்சயித்துவிட்டதாக நீ எழுதிய கடிதம் கிடைத்தது. உன் ஆவேசத்தை நான் குறைகூறவில்லை. ஆயினும், ஒரு வீரனுடைய ஜீவியத்தின் கடைசி நிமிஷங்களைக் கண்டு பரவசமடைகிறவன், அந்த நிமிஷங்களைச் சாத்தியமாக்கிய வருஷங்களைக் காணத் தவறிவிடுவானோ என்கிற கவலையே என்னை எழுதத் தூண்டிற்று.

அந்தப் படம் சித்தரிக்கும் மேஜர் முகுந்த் வரதராஜன் நம் தாம்பரத்துக் குடும்பத்துப் பிள்ளை. 1983 ஏப்ரல் 12இல் கோழிக்கோட்டில் பிறந்து, ஏனாத்தூரில் வணிகவியலும், நீ தினமும் கடந்து செல்லும் கிறிஸ்தவக் கல்லூரியில் இதழியலும் படித்தவர். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் ஏழாவது நிலையமாகிய பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் தேறி, 2006 மார்ச்சில் ராஜபுத்திர ரெஜிமெண்டில் அதிகாரியானார். லெபனானில் ஐக்கிய நாடுகளின் அமைதிப்படையில் பணியாற்றி, பின்னர் காஷ்மீரத்தில் 44ஆவது ராஷ்டிரிய ரைபிள்ஸில் சேர்ந்தார். 2014 ஏப்ரல் 25ஆம் தேதி, ஷோபியான் மாவட்டத்துக் காஜிபத்ரி கிராமத்தில், பயங்கரவாதிகள் பதுங்கியிருந்த வீட்டினுள் தம் வீரர்களுக்கு முன்னே தாமே நுழைந்தார். மூன்று பயங்கரவாதிகள் மாண்டனர். சிப்பாய் விக்ரம் சிங் உயிர்நீத்தார். படுகாயமுற்ற மேஜரும் மருத்துவமனை செல்லும் வழியில் காலமானார். அப்போது அவருக்கு வயது 31. அடுத்த ஆண்டுக் குடியரசு தினத்தன்று, போர்க்களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கு நாடு அளிக்கும் தலையாய விருதாகிய அசோகச் சக்கரத்தை அவருடைய மனைவி ஜனாதிபதியிடம் பெற்றுக்கொண்டார்.

அந்தக் காஜிபத்ரி வீட்டு வாசலில் முகுந்த் முன்னே நின்றது அந்தக் கணத்தில் பிறந்த துணிச்சல் அன்று. விடியுமுன் எழுந்து அணிவகுத்தும், சிப்பாயின் வீட்டுக் கஷ்டத்தைக் கேட்டு அவனுக்கு விடுப்பு வாங்கிக் கொடுத்தும், ஒன்றும் நேராத இரவுகளில் கண்ணயராமல் காவலைச் சோதித்தும் கழிகிற வருஷங்களிலேதான், ஆபத்துக்கும் தன்னை நம்பி வந்தவர்களுக்கும் நடுவே நிற்பதே தன் ஸ்தானம் என்னும் பழக்கம் ஓர் அதிகாரிக்கு ஏற்படுகிறது. அந்த வருஷங்களை எந்தத் திரையும் முழுமையாகக் காட்டாது.

நீ சேர விரும்பும் அப்பயிற்சிக் கழகம் தோன்றிய காரணத்தையும் அறிந்துகொள். 1962இல் சீனப் படை எல்லை தாண்டி வந்தபோது, அதிகாரிகள் போதாத குறையை நாடு உணர்ந்தது. அதனால் 1963இல் பரங்கிமலையில் அது ஒரு பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கியது. அதே யுத்தத்தில், நவம்பர் 18 அன்று, லடாக்கின் ரேசாங் லா கணவாயில், பதினாறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், மேஜர் ஷைத்தான் சிங்கின் கீழ் சுமார் 120 குமாவோன் ரெஜிமெண்ட் வீரர்கள் தங்கள் காவல்நிலையைக் காத்தனர். அவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கேயே மடிந்தனர். காயமுற்ற தம்மைத் தூக்கிச் செல்ல முயன்றவர்களுக்கு, தம்மை விட்டுவிட்டுப் போகுமாறு மேஜர் கட்டளையிட்டார். சில மாதங்களுக்குப் பின்னர் கண்டெடுக்கப்பட்ட உடல்கள் பல, பதுங்குகுழிகளில் ஆயுதம் பிடித்தபடியே பனியில் உறைந்திருந்தன. மேஜருக்குப் பரமவீர சக்கரம் அளிக்கப்பட்டது. அவருக்கும் முகுந்துக்கும் இடையே 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி. ஆனால், ஒப்படைக்கப்பட்டவர்களின் உயிரைத் தன்னுயிருக்கு முன் வைத்த குணம் இருவருக்கும் ஒன்றே.

ஆகையால், விருதை விரும்பி அங்கே போகாதே. அது கேட்டுப் பெறுவது அன்று; பெரும்பாலும் பெற்றவனுக்குத் தெரியாமலே வருவது. பெயர் தெரியாத ஓர் எல்லைக் காவலில், ஒருவரும் பாராட்டாத பத்து வருஷங்களைச் செம்மையாகக் கழிக்க உன் மனம் இசைகிறதா என்று உன்னையே கேட்டுப் பார். இசைந்தால் தாமதியாதே, தேர்வுக்குப் படி, தினமும் விடியலில் ஓடு, வீட்டில் சொன்ன சொல்லைச் சிறு காரியத்திலும் காப்பாற்று.

அம்மாவிடம் உன் பொருட்டு நான் பேசவேண்டும் என்று கேட்டிருக்கிறாய். பேசமாட்டேன். அவள் எதிரே அமர்ந்து, முகுந்தின் முடிவையும் மறைக்காமல் சொல்லி, அவள் அழுதாலும் எழுந்து போகாமல் இருந்து, அவளுடைய சம்மதத்தை நீயே பெறு. அதிகாரியாக விரும்புகிறவன் நிறைவேற்ற வேண்டிய முதற் கடமை அதுதான்.

இப்படிக்கு,
உன் மாமன்