கூரை இல்லாதவருக்கும் கதிரொளியில் பங்கு

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையடிவாரத்தில் அமைந்த ஊர் கல்லாறு. இத்தகைய மலையோர ஊர்களில் கூரைமேல் சூரியத் தகடு அமைக்க விரும்புவோருக்கு மர நிழல் தடையாகிறது. நகரத்தில் வாடகை வீட்டில் வாழ்வோருக்கும், அடுக்குமாடியில் மேல்தளம் தமக்கெனச் சொந்தமில்லாதோருக்கும் இதே நிலைதான். மின்கட்டணம் செலுத்தும் இவர்களும் சூரிய மின்சாரத்தின் பயனைப் பெற இயலுமா? இயலும் என்பதே கூட்டுச் சூரிய மின்திட்டத்தின் அடிப்படை.

எவ்வாறு செயல்படுகிறது?

வெயில் நன்கு விழும் ஓரிடத்தில் பலர் சேர்ந்து ஒரு மின்நிலையம் அமைக்கின்றனர். அதன் மின்சாரம் முழுவதும் மின்வாரியத்தின் கம்பிகளில் சேர்கிறது. ஒவ்வொருவருடைய பங்குக்கு ஏற்ற யூனிட்டுகள் அவரவர் மின்கட்டணப் பட்டியலில் கழிக்கப்படுகின்றன. இதனை மெய்நிகர் நிகர அளவீடு என்பர்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பத்துக் குடும்பங்கள் சமபங்கில் 10 கிலோவாட் நிலையம் அமைப்பதாகக் கொள்வோம். ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தருமெனில், ஒரு குடும்பத்தின் பங்கு இரு மாதங்களுக்கு ஏறத்தாழ 240 யூனிட். அக்குடும்பம் 300 யூனிட் பயன்படுத்தியிருந்தால், 60 யூனிட்டுக்கே மின்கட்டணம் கணக்கிடப்படும். நிலைக்கட்டணம் தனி. மழைக்காலத்தில் உற்பத்தி குறையும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சட்டத்தின் இடம்

அயலார் நிலத்தில் விளைந்த மின்சாரத்தை நம் கணக்கில் வரவு வைக்க விதி வேண்டும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2010-இலும், மின்னசோட்டா 2013-இலும் இதற்கெனச் சட்டம் இயற்றின. நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்கீழ் மாநில ஒழுங்குமுறை ஆணையங்கள் விதிகளை வகுக்கின்றன. தில்லி ஆணையம் 2019-இல் மெய்நிகர் அளவீட்டுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. கேரள ஆணையத்தின் நிகர அளவீட்டு விதிமுறைகள் 2020-இல் வந்தன. 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின் மானியம், மெய்நிகர் அளவீட்டில் அமையும் வீட்டு இணைப்புகளுக்கும் பொருந்தும். மாநில விதி அதற்கு இடமளித்திருக்க வேண்டும்.

முன்மாதிரி ஒன்று

கூட்டு முதலீடு நமக்குப் புதிதன்று. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலையை, தன் எல்லைக்கு வெளியே உடுமலைப்பேட்டை அருகிலுள்ள மைவாடியில் நிறுவியது. 1.55 கோடி ரூபாய்ச் செலவில் சுமார் 40 இலட்சம் ஊராட்சியின் சேமிப்பு. எஞ்சியது வங்கிக் கடன். மின்வாரியத்துக்கு மின்சாரம் தந்து ஈட்டிய வருவாயே கடனைத் திருப்பிச் செலுத்த உதவியது. காற்று வீசும் இடம் வேறு, பயன் பெறும் ஊர் வேறு என்பதே இங்கு நாம் அறிய வேண்டிய பாடம்.

கையெழுத்திடுமுன்

முதலாவதாக, உங்கள் இணைப்பு வகைக்குப் பங்குமுறை அளவீடு உண்டா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டறியுங்கள். அதன் பின்னரே முன்பணம் செலுத்துங்கள். இரண்டாவதாக, வீடு மாறினால் உங்கள் பங்கு புதிய இணைப்புக்கு மாற்றப்படுமா, பிறருக்கு விற்கப்படுமா என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். மூன்றாவதாக, பராமரிப்புச் செலவையும் இன்வெர்ட்டர் மாற்றும் செலவையும் யார் ஏற்பது என்பதைத் தெளிவுபடுத்துங்கள். நான்காவதாக, மாதத் தவணையை மழைமாத உற்பத்தியோடு ஒப்பிடுங்கள். கோடைமாத உற்பத்தியை மட்டும் நம்பிக் கடன் பெறுவது நன்றன்று.

இந்நான்கு வினாக்களுக்கும் விடை கிடைத்தபின் உங்கள் கிளையை அணுகினால், கடன் தொகையையும் தவணைக் காலத்தையும் உங்கள் வருவாய்க்கு ஏற்ப வகுத்துத் தர நாங்கள் துணைநிற்போம்.