மாவட்டமும் முக்கிமும் நாமும்

“உங்கள் ஊர் எது?” என்று வினவினால், தோட்டத்தில் வாழ்வோர் தம் தோட்டத்தின் பெயரைத் தயங்காமல் கூறுவர். “அது எந்த முக்கிமைச் சேர்ந்தது?” என்று வினவினால், பலரிடமிருந்து விடை வருவதில்லை. நிலப்பட்டாவில் எழுதப்படுவது முக்கிமின் பெயர். அரசாங்கம் மக்களை எண்ணுவதும் மாவட்டம், முக்கிம் என்னும் வரிசையிலேதான். ஆதலால், கோலசிலாங்கூர் மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, மாவட்ட நிருவாகம் நடைபெறும் முறையை அறிந்து கொள்வோம்.

மாவட்டத்தின் அமைப்பு

சிலாங்கூர் மாநிலத்தில் 9 மாவட்டங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றாகிய கோலசிலாங்கூர், ஈஜோக், ஜெராம், தஞ்சோங் காராங், பெஸ்தாரி ஜெயா முதலிய 9 முக்கிம்களைக் கொண்டது. தஞ்சோங் காராங்கில் நெல் விளைகிறது. ஜெராமில் மீன்பிடித் தொழில் நடைபெறுகிறது. ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் ரப்பரும் செம்பனையும் வளர்ந்தன. பத்தாங் பெர்ஜுந்தை என நம் முன்னோர் அழைத்த ஊரே 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா எனப்படுகிறது.

2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இம்மாவட்டத்தில் 2 இலட்சத்துக்குச் சற்று அதிகமானோர் வாழ்ந்தனர். 2020இல் அத்தொகை ஏறத்தாழ 2 இலட்சத்து 80 ஆயிரமாக உயர்ந்தது. புஞ்சாக் ஆலம் போன்ற புதிய குடியிருப்பு நகரங்கள் எழுந்தமை இதற்கு ஒரு முக்கியக் காரணமாகும்.

யாருக்கு எப்பொறுப்பு?

மாவட்ட அதிகாரி மாவட்ட நிருவாகத்தின் தலைவர். மாவட்ட, நில அலுவலகம் அவர் பொறுப்பில் உள்ளது. வளர்ச்சித் திட்டங்களை ஒருங்கிணைப்பதும், வெள்ளம் போன்ற பேரிடர்க் காலங்களில் துயர்துடைப்புப் பணிகளை நடத்துவதும் அவர் கடமைகளாம்.

பெங்குலு முக்கிமின் தலைவர். தம் எல்லையில் வாழும் மக்களின் நிலையை அறிந்து மாவட்ட அலுவலகத்துக்குத் தெரிவிப்பவர் அவரே. அவருக்குத் துணையாகக் கம்போங்குகளில் கிராமத் தலைவர்கள் உள்ளனர். சிலாங்கூரில் இந்தியச் சமூகத் தலைவர்களும் நியமிக்கப்படுகின்றனர்.

குப்பை அகற்றுதல், கடை உரிமம் வழங்குதல், மதிப்பீட்டு வரி வசூலித்தல் ஆகியவை ஊராட்சி மன்றத்தின் பணிகள். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்கீழ் இம்மன்றங்கள் இயங்குகின்றன. கோலசிலாங்கூர் மாவட்ட மன்றம் 2021இல் நகராண்மைக் கழகமாக உயர்த்தப்பட்டது.

தோட்டம் வேறுபடுவது ஏன்?

கம்போங்கில் சாலை பழுதானால் மக்கள் கிராமத் தலைவரிடம் கூறுவர். தோட்டத்து மக்களோ தோட்ட நிருவாகியிடம் செல்வர். தோட்டம் தனியார் நிலமாதலால், அங்குள்ள வீடு, பாதை, தண்ணீர் ஆகியவை நெடுங்காலமாக நிருவாகத்தின் பொறுப்பாகவே இருந்து வந்துள்ளன. தொழிலாளர் வீடுகளுக்கும் அடிப்படை வசதிகளுக்கும் உரிய குறைந்தபட்சத் தரத்தை 1990ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது.

இவ்வேற்பாட்டால் விளைந்த தீமை ஒன்றுண்டு. எல்லாத் தேவைகளுக்கும் தோட்ட அலுவலகத்தையே நாடியதால், பலர் மாவட்ட அலுவலகத்தின் வாயிலையே மிதித்ததில்லை. தோட்டம் விற்கப்பட்டு லயங்கள் உடைக்கப்படும் நாளில், கிராணியார் வைத்திருந்த பேரேடு துணை செய்யாது. அரசாங்கப் பதிவேட்டில் உள்ள பெயரே துணை செய்யும்.

பதிவு தரும் பாதுகாப்பு

இதற்கு வரலாறே சான்று. குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற வேண்டும் என்னும் சட்டம் 1968இல் இயற்றப்பட்டு, 1969இல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டாண்டு காலமாக இந்நாட்டில் பால்மரம் வெட்டிய பல்லாயிரவர், உரிய பத்திரங்கள் இன்மையால் வேலையிழந்து இந்தியாவுக்குக் கப்பலேறினர். அவர்களுள் குடியுரிமை பெறத் தகுதியிருந்தும் விண்ணப்பம் செய்யாதிருந்தோர் பலர்.

அத்துயரம் மீண்டும் நேராதிருக்க, ஒவ்வொரு குடும்பமும் மூன்று கடமைகளை நிறைவேற்ற வேண்டும்.

1. திருமணத்தைப் பதிவு செய்தல். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்கள் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதாது. பதிவில்லாத் திருமணத்தில் பிறக்கும் குழந்தைக்குத் தந்தையின் குடியுரிமை கிட்டாது. தாயின் நிலையே கணக்கில் கொள்ளப்படும்.

2. பிறப்பைப் பதிவு செய்தல். தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்த 60 நாள்களுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பதிதல் வேண்டும். காலந்தாழ்த்தினால் மேலும் பல சான்றுகள் கேட்கப்படும், விசாரணையும் நடைபெறும்.

3. அடையாள அட்டை பெறுதல். பிள்ளைக்கு 12 வயது நிறைந்ததும் மைகார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2021 டிசம்பர் முதல், 18 வயது நிறைந்த குடிமக்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுகின்றனர். அடையாள அட்டையில் உள்ள முகவரியே வாக்களிக்கும் தொகுதியை முடிவு செய்கிறது. ஆகவே, தோட்டத்தை விட்டுக் குடிபெயர்ந்தோர் புதிய முகவரியை உடனே பதிந்து கொள்ளல் வேண்டும்.

கல்வி, மருத்துவம், வேலை, முதுமைக்கால உதவி ஆகிய அனைத்துக்கும் இப்பத்திரங்களே திறவுகோல்கள். இவற்றை ஓர் உறையிலிட்டு நனையாமல் காத்து வைப்பது குடும்பத் தலைவர், தலைவியர் கடமை.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. உங்கள் தோட்டம் எந்த மாவட்டத்தையும் முக்கிமையும் சேர்ந்தது?
2. உங்கள் முக்கிமின் பெங்குலு அலுவலகம் எங்குள்ளது?
3. உங்கள் வீட்டில் பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாதவர் எவரேனும் உளரா?

மூன்றாம் வினாவுக்கு ‘ஆம்’ என்பது விடையானால், இவ்விதழை மூடி வைத்துவிட்டு, தேசியப் பதிவு இலாகாவுக்குச் செல்லும் நாளை இன்றே குறித்துக் கொள்ளுங்கள்.