தையலின் பின்பக்கம்

இராணிப்பேட்டை

சிரஞ்சீவி மகளுக்குப் பெரியப்பா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது.  

நீ உன் கையாலேயே அறுத்துத் தைத்து அனுப்பிய தோல் பர்ஸ் சென்ற வியாழக்கிழமை தபாலில் வந்து சேர்ந்தது. உறையைப் பிரித்தவுடன் எழுந்த வாசனையே அது மரப்பட்டையில் ஊறிப் பதமான தோல் என்று சொல்லிவிட்டபடியால், கடைக்காரர் நீட்டியதை வாங்கிக்கொண்டு வராமல் விசாரித்து வாங்கியிருக்கிறாய் என்று மனம் பூரித்தேன். உன் பெரியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெற்றிலை பாக்குக்கு வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். இப்போதைக்குக் கொடுக்கவில்லை, காரணத்தைக் கடைசியில் சொல்லுகிறேன்.

உன் கடிதத்தில் ஒரு செய்தி என்னை உறுத்தியது. உன்னைப் போலவே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் தோல் வேலை பழகும் ஏழெட்டுப் பேர், ஞாயிறுதோறும் ஒரு சிநேகிதியின் மொட்டைமாடியில் கூடி, அவரவர் செய்ததை எடுத்து வைத்துப் பேசுகிறார்கள் என்றும், நீ இரண்டு மாதமாக அங்கே போய்வந்தும் இந்தப் பர்ஸைப் பையிலிருந்து வெளியே எடுக்கவேயில்லை என்றும், பின்பக்கத்துத் தையல் கோணலாயிருப்பதால் கை நன்றாகத் தேர்ந்தபிறகு காட்டிக்கொள்ளலாம் என்று இருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். மகளே, வேறு எந்த விஷயத்திலும் உன் விவேகத்தில் எனக்குக் குறை தோன்றியதில்லை. இந்த ஒன்றில் மட்டும் நீ செய்தது பிசகு.

அது ஏன் பிசகு என்பதை உன் பர்ஸைக் கொண்டே விளக்குகிறேன். ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகச் சென்று மீளும்படி தைக்கும் இந்தத் தையலுக்கு, குதிரைச் சேணம் தைத்தவர்களே வழிகாட்டிகள். மெஷின் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் வரிசையே பிரிந்துவர இடமுண்டு, இதில் ஒரு கண்ணி தேய்ந்து அறுந்தாலும் மற்ற நூல் பிடித்துக்கொண்டு நிற்கும். துளைக்கு அடையாளம் இடுவது முன்பக்கத்தில் ஆகையால், முன்பக்கம் யாருக்கும் ஏறக்குறைய நேராகவே அமைந்துவிடுகிறது. குத்தூசியை நெட்டுக்குத்தாகப் பிடித்தோமா, சாய்த்துவிட்டோமா என்பதும், எந்தக் கை ஊசி முதலில் நுழைய வேண்டும் என்ற ஒழுங்கைக் கடைசித் துளைவரை காத்தோமா, நடுவில் மறந்துவிட்டோமா என்பதும் பின்பக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கும். ஆகவேதான் விஷயம் தெரிந்தவர்கள் ஒரு பொருளைக் கையில் வாங்கியதும் முதலில் அதைக் கவிழ்க்கிறார்கள். உன் பர்ஸில் மூன்றாவது துளையிலும் எட்டாவது துளையிலும் ஊசியின் முறை மாறியிருக்கிறது. பதினைந்துக்குமேல் குத்தூசி உன் பக்கமாகச் சாய ஆரம்பித்திருக்கிறது, அதாவது கை அலுத்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்பே அதை அந்த மொட்டைமாடியில் கவிழ்த்து வைத்திருந்தாயானால், உன்னைவிட ஆறு மாதம் முன்னால் தொடங்கிய ஒருவர் இதை ஒரே நிமிஷத்தில் சொல்லியிருப்பார். நீயோ அதற்குப்பின் தைத்த சாவிக்கொத்து உறையிலும் கண்ணாடிக் கூட்டிலும் அதே பிழையைச் செய்து கைக்குப் பழக்கப்படுத்தியிருப்பாய்.

முப்பத்துநான்கு வருஷம் இந்த ஊர்த் தோல் பதனிடும் ஷாப்புகளில் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். அந்த வித்தையை எனக்குக் கற்பித்தவர் யார் என்பதை நம் குடும்பத்தில் ஒருவருக்கும் சொன்னதில்லை. சுண்ணாம்புக் குழியில் நாள் முழுதும் இறங்கி நின்று தோல் புரட்டி, கால்களில் புண் ஆறாத ஒரு பெரியவர் அவர். பட்டணத்தில் படித்த படிப்பை வைத்துக்கொண்டு நான் நல்லதையும் சொத்தையையும் ஒன்றாகக் குவித்துத் திண்டாடிய நாளில், அவர் என்னைத் தனியே அழைத்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை முதுகுத்தண்டிலிருந்து வயிற்றுப்பக்கம்வரை ஓட்டும்படி சொன்னார். விரல் எங்கே குழைகிறதோ அங்கே இறுக்கம் முடிந்தது, அதற்கு அப்பாலுள்ளதை வாருக்குக் கொடுக்காதே என்றார். மேல்புறம் உள்ளே போகும்படி தோலை மடித்துப் பார்த்து, சுருக்கம் மயிரிழைபோல் நெருக்கமாய் விழுந்தால் அது உறுதியான தோல், தொளதொளவென்று பருத்து விழுந்தால் தள்ளு என்பதும் அவர் சொன்னதே. நான் வாங்கிய சம்பள உயர்வுகள் அத்தனைக்கும் மூலதனம் அந்த இரண்டு பாடங்கள்தாம். ஒரு தீபாவளிக்கு அவர் நம் வீட்டுக்கு வந்தபோது அவரை வாசற்படிக்கு வெளியே நிறுத்தியே பட்சணம் கொடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்றும், இவர் என் ஆசான் என்று சொல்ல வாய் திறக்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்த மௌனம் என்னைவிட்டு நீங்கவில்லை.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், நீ பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டிருக்கும் இந்தத் தொழிலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களை இந்தத் தேசம் ஊருக்கு வெளியே வைத்தது. அவர்கள் தைத்த செருப்பைக் காலில் அணிந்துகொண்டே அவர்கள் நிழல் படாமல் ஒதுங்கியது. நாகரிகமான வீட்டுப் பிள்ளைகள் மேஜைமேல் விளக்கை வைத்துக்கொண்டு இதையே செய்யும்போது கலை என்று பெயர் பெறுகிறது. கலை என்றே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் சக கலைஞர்கள் என்று நீ எண்ணும் வட்டத்தில் மொட்டைமாடி ஏழெட்டுப் பேரோடு, உன் தெருமுனையில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைப்பவரும் இருக்க வேண்டும். அவரை "ஐயா" என்று அழை. அரைநாள் பக்கத்தில் அமர்ந்து பார்க்க அனுமதி கேள். உனக்குக் காட்டித்தருவதால் அவருக்கு நஷ்டமாகும் கூலியை அவர் வாய்விட்டுக் கேட்குமுன் கொடுத்துவிடு. அவருடைய குத்தூசியின் நுனியில் கொக்கி இருக்கும், நூலை இழுக்கும் முறையும் உன் தையலிலிருந்து வேறுபடும். அவரிடம் நீ முக்கியமாகக் கற்க வேண்டியவை கத்தி தீட்டுவதும், மடிப்பு வரும் ஓரத்தைக் காகிதம்போல் சீவி மெலிதாக்குவதும். மழுங்கின கத்தியே விரலை அறுக்கிறது. அது ஓடாததால் நாம் அழுத்துகிறோம், அழுத்தியதால் சறுக்குகிறது.

மேல்நாட்டுப் படிப்புப் படித்தவர்கள் இந்த வேலையில் கை வைப்பது புதிதென்று நினைத்துவிடாதே. 1910-ஆம் வருஷம் ஜோஹன்னஸ்பர்க் நகரத்துக்கு அருகில் டால்ஸ்டாய் பண்ணை ஏற்பட்டபோது, காலன்பாக் என்ற கட்டிடக்கலை வல்லுநர் டிராப்பிஸ்ட் துறவிகளின் மடத்துக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்றுவந்து, பாரிஸ்டராயிருந்த காந்தியடிகளுக்குக் கற்பித்தார்; காந்தியடிகள் அதை விருப்பமுள்ள மற்றவர்களுக்குக் கற்பித்தார். தம்மைச் சிறையில் வைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்கென்று காந்தியடிகள் சிறையிலேயே ஒரு ஜோடி செருப்புத் தைத்தார். 1914-ல் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்படுகையில் அது ஸ்மட்ஸுக்குக் காணிக்கையாகப் போய்ச் சேர்ந்தது. ஸ்மட்ஸ் பல கோடைகாலங்கள் அதை அணிந்துவிட்டு, 1939-ல் காந்தியடிகளின் எழுபதாவது பிறந்தநாளை ஒட்டித் திருப்பி அனுப்பினார். காலன்பாக் தாம் பூரணமாகத் தேறும்வரை காத்திருந்து கற்பித்திருந்தால் அந்தச் செருப்பு உண்டாகியிருக்குமா என்று யோசித்துப் பார்.

சாமான்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். பெட்டி நிறைய ஆயுதம் வாங்காதே. நல்ல கத்தி ஒன்று, குத்தூசி ஒன்று, முனை மழுங்கிய ஊசி இரண்டு, துளைக்கு அடையாளமிடும் பல்லாயுதம் ஒன்று, மரச் சுத்தி, தேன்மெழுகு இவை போதும். நூலைத் தையலின் நீளத்தைப்போல் நான்கு மடங்கு எடுத்துக்கொள். சென்னைப் பெரியமேட்டுத் தோல் கடைகளுக்குப் போகும்போது ஒரு சொட்டுத் தண்ணீரைத் தோலின்மேல் விட்டு நகத்தால் அழுத்திப் பார். பட்டைத் தோலானால் ஈரம் கருத்து, நகத்தடம் நின்றுவிடும், குரோமியத்தில் பதப்படுத்திய குரோம் தோலில் தடம் மீண்டுவிடும். பர்ஸுக்கு ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனமே ஏற்றது. இடுப்புவாருக்கு மூன்றரைக்குக் குறையக்கூடாது, அதையும் முதுகுத்தண்டின் போக்கிலேயே அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் நாளடைவில் நீண்டு வளையும்.

துண்டுகளை எறியாதே. நான் பாலாற்றங்கரையில் வாழ்பவன். குரோமியமும் உப்பும் கலந்த கழிவு இந்த ஆற்றையும் கிணறுகளையும் என்ன செய்தது என்பதைக் குடித்து அறிந்தவன். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தோல் ஷாப்புகள்மேல் அபராதம் விதித்துத் தீர்ப்புக் கூறியது. அதற்கு வெகு காலம் முன்பே எங்கள் கிணற்று நீர் வாயில் வைக்க முடியாமற் போய்விட்டது. ஒரு சதுர அடித் தோலுக்குப் பின்னால் ஒரு பிராணியும் ஒரு நதியும் இருக்கின்றன. வெட்டுமுன் அட்டையில் வடிவத்தை வெட்டிப் பார். பிழையை அட்டையில் செய்வது புண்ணியம்.

அப்படி நீ திருத்தித் திருத்தி அமைத்த மாதிரி அட்டையை, கேட்டவருக்கு மறைக்காமல் கொடு. உங்கள் கூட்டத்தில் ஒருவர் தம் அட்டைகளைப் பூட்டி வைத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். விற்றுப் பிழைப்பவர் பூட்டினால் நியாயம் உண்டு, பொழுதுபோக்குக்காகச் செய்பவர் பூட்டுவதற்கு நியாயம் எனக்குத் தெரியவில்லை. பிறர் செய்ததைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லும்போது, "அழகாயிருக்கிறது" என்று முடித்துவிடாதே, அதனால் அவருக்கு எள்ளளவும் பிரயோஜனமில்லை. எந்தத் துளையில் என்ன நேர்ந்தது என்று சொல்லு. அதையும், நீ முன்பு அதே இடத்தில் தவறிய கதையைச் சேர்த்துச் சொல்லு.

பர்ஸை இந்தக் கடிதத்தோடு உனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு தையலையும் அவிழ்க்காமல், வரும் ஞாயிற்றுக்கிழமை அதை அவர்கள் நடுவே கவிழ்த்து வை. தெருமுனைப் பெரியவரிடமும் காட்டி அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. பிறகு பர்ஸை மறுபடி தபாலில் சேர்த்துவிடு. உன் பெரியம்மா வெற்றிலையோடு காத்திருக்கிறாள்.

இங்ஙனம்,
உன் பெரியப்பா