அளக்கும் கருவியை ஆராய்ந்து கொள்க

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்தது போடிநாயக்கனூர். ஏலக்காய் வாணிகத்தால் புகழ்பெற்றது இவ்வூர். இங்கிருந்து போடிமெட்டு வழியாக மேலேறினால், ஏலத்தோட்டங்கள் செறிந்த சரிவுகளைக் காணலாம். கொய்த பச்சைக் காயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீரே. அதனைக் காலந்தாழ்த்தாது உலர்த்துதல் வேண்டும். தாழ்த்தினால் பசுமை கெடும், பூஞ்சணம் பற்றும், விலையும் வீழும். உலர்த்தும் கூடங்களில் வெப்பக் காற்றைச் செலுத்தும் விசிறிகள் மின்சாரத்தால் இயங்குவன.

மழைக்காலத்து இரவொன்றில் அவ்விசிறி நின்றுவிட்டது எனக் கொள்வோம். மின்வினைஞர் வருகிறார். பழுது மோட்டாரிலா, கம்பியிலா, வரும் மின்சாரத்திலா? கண்ணால் நோக்கி அறிதல் அரிது. மின்சாரத்திற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதன் இருப்பை உரைக்கும் சான்று அவர் கையிலுள்ள மல்டிமீட்டரே. ‘மின்சாரம் இல்லை’ என அது காட்டினால், அதனை நம்பியே அவர் கம்பியைத் தொடுவார். சான்று பொய்த்தால் உயிருக்கே இடர். ஆகவே, அக்கருவியை வாங்குமுன் ஆராய்தல் இன்றியமையாதது.

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை என்னும் மூன்றையும் அளக்க முற்காலத்தில் தனித்தனிக் கருவிகள் வேண்டியிருந்தன. பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளராகிய டொனால்டு மெக்காடி என்பவர் இவற்றை ஒரே கருவியில் அடக்கினார். ‘ஆவோமீட்டர்’ எனப்பட்ட அது 1923ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆம்பியர், வோல்ட், ஓம் என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் கூடியதே அப்பெயர். இன்றோ இத்தகைய கருவிகள் பலவாகப் பல விலைகளில் கிடைக்கின்றன. கையிருப்புச் சிறிதாயின் எங்ஙனம் தேர்வது?

முதற்கண், எதனை அளக்கப் போகிறோம் என்பதைத் தெளிதல் வேண்டும். மோட்டாரின் மின்னோட்டத்தை மல்டிமீட்டரால் அளக்கக் கம்பியைப் பிரித்து இடையே இணைக்க வேண்டும். கிளாம்ப் மீட்டரோ கம்பியைச் சூழ்ந்து கவ்வியே அளவைக் கூறும். எனினும், அவற்றுள் பல மாறுமின்னோட்டத்தை மட்டுமே அளப்பன. சூரியத் தகடு தரும் நேர்மின்னோட்டத்தை அளவா. இவ்வேறுபாடறியாது வாங்கினால் பணம் வீணாகும்.

அடுத்து நோக்கத்தக்கது பாதுகாப்பு. இடி மின்னலின்போதும், பெரிய இயந்திரங்களை நிறுத்தும்போதும், கம்பியில் நொடிப்பொழுது பேரழுத்தம் எழுதலுண்டு. கருவி அதனைத் தாங்குதல் வேண்டும். இதற்காக வகுத்த தரப்பிரிவுகளைக் ‘கேட்’ என்னும் குறி காட்டும். செருகுமுனைச் சாதனங்களுக்கு 2ஆம் பிரிவு. கட்டடத்தின் மின்பகிர்வுப் பலகைக்கும் நிலையான மோட்டார்களுக்கும் 3ஆம் பிரிவு. வெளிக்கம்பி கட்டடத்துள் நுழையும் இடத்திற்கு 4ஆம் பிரிவு. குறியோடு வோல்ட் அளவையும் காண்க. குறியை எவரும் அச்சிட இயலும். ஆதலால், தக்க ஆய்வுக்கூடம் சோதித்த முத்திரை உண்டா என்றும் தேர்க. மின்னோட்டம் அளக்கும் துளைக்குரிய ஃபியூஸ் உள்ளதா என்றும் வினவுக.

மூன்றாவது துல்லியம். விளக்கக் கையேட்டில் ‘1 விழுக்காடும் 3 இலக்கமும்’ எனப் பிழையளவு குறித்திருக்கலாம். ஒவ்வொரு வோல்ட்டாகக் காட்டும் கருவியில் 230 வோல்ட்டை அளந்தால், 2.3 வோல்ட்டும் 3 வோல்ட்டும் சேர்ந்து 5.3 வோல்ட் வரை பிழை நேரலாம். எண்கள் மிகுதியாகத் தோன்றுவதே துல்லியம் ஆகாது.

இவற்றை அறியக் கடைக்காரர் சொல் மட்டும் போதாது. கையேட்டை முன்னரே பெற்றுப் படித்தல் வேண்டும். அக்கருவியைப் பல்லாண்டு கையாண்டவரைக் கேட்டல் வேண்டும். இரண்டு மூன்றை ஒப்பிடுதல் வேண்டும். திரையொளி முதலிய வசதிகளைக் குறைத்துச் சிக்கனம் செய்யலாம். பாதுகாப்பைக் குறைத்தல் சிக்கனமன்று, கேடு.

வாங்கிய பின்னும் சோதனை முடிவதில்லை. தேர்ந்த மின்வினைஞர், மின்சாரம் உண்டென அறிந்த ஓரிடத்தில் கருவியை முதலில் சோதிப்பார். பின் ஐயுற்ற இடத்தில் அளப்பார். மீண்டும் முன்னைய இடத்தில் சோதிப்பார். மாணவர் வீட்டு மின்சாரத்தில் இதனைச் செய்து பார்த்தலாகாது, ஏறக்குறைய 1.5 வோல்ட் தரும் புதிய உலர்மின்கலத்தில் பயில்க.

பொன்னின் மாற்றை உரைகல் காட்டும். உரைகல்லே போலியாயின், பொன்னும் பித்தளையும் ஒன்றாகும். பிறவற்றைச் சோதிக்கும் கருவியை முதலில் நாம் சோதித்துக் கொள்ளுதலே அறிவுடைமை.