தசைச் சுருக்கத்தில் கல்சியம்: எங்கிருந்து வருகிறது?

மாணவர்களே, உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் தோண்டப்பட்டவை. அந்நீரில் கல்சியம் கரைந்துள்ளது. இலண்டன் குழாய் நீரிலும் கல்சியம் இருந்தது. 1882இல் அங்கு சிட்னி றிங்கர் அந்நீரில் தயாரித்த உப்புக் கரைசலில் தவளையின் இதயத்தைத் துடிக்கவைத்தார். காய்ச்சி வடித்த நீரில் அதே கரைசலைத் தயாரித்தபோதோ துடிப்பு நின்றுபோயிற்று. கல்சியம் இல்லாமையே காரணம் என்பதை 1883இல் வெளியிட்டார்.

இதைப் படித்த மாணவர் பலர், வன்கூட்டுத் தசைக்கும் கல்சியம் வெளியிலிருந்தே வருகிறது என எழுதிப் புள்ளியை இழக்கின்றனர். கலைப்பிரிவில் படித்த எனக்கும் இவ்விடம் விளங்க நாட்சென்றது. இதயத் தசையில், வெளியிலிருந்து புகும் கல்சியமே உள்ளிருக்கும் சேமிப்பைத் திறக்கிறது. வன்கூட்டுத் தசையில் அப்படியன்று.

வெளிக் கல்சியம் தேவைப்படும் இடம் நரம்பு முனையாகும். கணத்தாக்கம் அங்கு வந்ததும் கல்சியம் அயன்கள் உட்புகும். அதனால் புடகங்கள் அசற்றைல்கோலினை வெளிவிடும். அது தசைநாரில் புதிய கணத்தாக்கத்தை உண்டாக்கும்.

இனித்தான் முக்கியமான பகுதி. இக்கணத்தாக்கம் குறுக்குச் சிறுகுழாய்கள் வழியே நாரின் ஆழத்துக்குச் செல்கிறது. அங்கு மின்மாற்றத்தை உணரும் புரதம், அருகிலுள்ள தசைமுதலுரு வலையின் வாயிலைத் திறந்துவிடுகிறது. வலையினுள் சேமிக்கப்பட்ட கல்சியம் குழியவுருவினுள் பாய்கிறது. ஓய்வில் அங்குள்ள கல்சியம், கலத்துக்கு வெளியேயுள்ளதிலும் ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. ஆகவே சிறிதளவு வந்தாலும் பெரிய மாற்றம். கல்சியம் துரோபோனினுடன் இணைய, துரோபோமயோசின் விலகும். அக்ரினில் மறைந்திருந்த இடங்களை மயோசின் தலைகள் பற்றி இழுக்கும். 'கல்சியம் தசையை இழுக்கிறது' என எழுதாதீர்கள். அது தடையை நீக்குகிறது, அவ்வளவே.

தளர்வதற்கும் சக்தி வேண்டும். கல்சியத்தைத் திரும்ப வலையினுள் ஏற்றும் பம்பி ஏரிபியைச் செலவிடுகிறது. மயோசின் தலை அக்ரினை விடுவதற்கும் ஏரிபி தேவை.

மாதிரி வினா: பாசையூர் சந்தைக்கு வந்த மீன் விறைத்திருப்பது ஏன்?

விடை: இறந்தபின் ஏரிபி தீர்ந்துவிடுகிறது. கல்சியம் திரும்ப ஏற்றப்படாது குழியவுருவில் தங்கும். மயோசின் தலைகளும் அக்ரினை விட்டு விலகா. நரம்பிலிருந்து கணத்தாக்கம் எதுவும் வராமலே தசை இறுகி நிற்கும். பின்னர் நொதியங்கள் புரதங்களைச் சிதைக்கும்போதே மீன் மென்மையாகும்.