நொடிக்கு நொடி மாறும் நுழைவுச் சீட்டு

புகழ்பெற்ற பாடகரின் இசை நிகழ்ச்சிக்குச் சீட்டு விற்பனை தொடங்குகிறது. சில நிமிடங்களில் எல்லாம் தீர்ந்துவிடுகின்றன. ஆனால் அதே சீட்டுகள் சற்று நேரத்தில் பன்மடங்கு விலைக்குக் கிடைக்கின்றன! இது எவ்வாறு நிகழ்கிறது?

சீட்டின் விலை 20 பவுன் என்று கொள்வோம். வர விரும்புவோர் பலர், இருக்கைகளோ சில. ஆகவே 100 பவுன் தரவும் சிலர் முன்வருவர். இடையிலுள்ள 80 பவுனே கள்ளச் சந்தைக்காரரின் இலாபம். அவர்கள் கணிப்பொறி நிரல்களை ஏவுகின்றனர். நாம் பெயரைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் நிரல் பல சீட்டுகளை வாங்கிவிடும். உண்மையான இரசிகர் வெளியே நிற்பார்; பாடகருக்கோ அந்த 80 பவுனில் ஒரு காசும் கிடைக்காது. இத்தகைய நிரல்களுக்கு எதிராக அமெரிக்கா 2016-இல் சட்டம் இயற்றியது.

சட்டம் மட்டும் போதுமா? இலண்டனில் 2014-இல் 'டைஸ்' நிறுவனத்தைத் தொடங்கிய ஃபில் ஹட்ச்சன் வேறு வழியைக் கையாண்டார். சீட்டைக் காகிதத்தில் அச்சிடாமல், வாங்கியவரின் கைப்பேசியோடு பிணைத்தார். வர இயலாதவர் சீட்டைத் திருப்பித் தரலாம். காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்கு அது போய்ச் சேரும். கூடுதல் விலைக்கு விற்க வழியில்லை. இலாபமில்லாத இடத்தில் கள்ளச் சந்தைக்கு என்ன வேலை?

சரி, திரையில் தோன்றும் குறியீட்டைப் படம் பிடித்து விற்றால்? இதைத் தடுக்க, சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறும் குறியீட்டை 'டிக்கெட்மாஸ்டர்' நிறுவனம் 2019-இல் கொண்டுவந்தது. இதன் அடிப்படையை ஓர் எளிய கணக்கால் அறியலாம்.

உங்கள் கைப்பேசிக்கும் அரங்கின் கணிப்பொறிக்கும் மட்டும் தெரிந்த இரகசிய எண் 47 எனக் கொள்வோம். அதை மணியின் நிமிடத்தால் பெருக்கி, கடைசி இரண்டு இலக்கங்களை எடுங்கள்.

7.12 மணி: 47 × 12 = 564; குறியீடு 64.
7.13 மணி: 47 × 13 = 611; குறியீடு 11.
7.14 மணி: 47 × 14 = 658; குறியீடு 58.

7.12-க்கு எடுத்த படத்தை 7.14-க்குக் காட்டினால் வாயிற்காவலர் ஏமாறமாட்டார். கணிப்பொறியும் அதே கணக்கைப் போட்டு 58-ஐ அல்லவா எதிர்பார்க்கிறது!

உண்மையில் பயன்படும் கணக்குகள் இதைவிடக் கடினமானவை. அரைத்த மாவிலிருந்து முழு அரிசியைத் திரும்பப் பெற முடியாததுபோல, விடையிலிருந்து இரகசிய எண்ணைக் கண்டறிய முடியாதபடி அவை அமைக்கப்படுகின்றன.

இம்முறையிலும் குறை உண்டு. கைப்பேசி இல்லாத இரசிகர் என்ன செய்வார்? மின்கலம் தீர்ந்துவிட்டால்? பூட்டு வலுவாக இருந்தால் மட்டும் போதாது. உரியவருக்குத் திறக்கவும் வேண்டும்.

சிந்தியுங்கள்: நமது எளிய கணக்கில் 64, 11 ஆகிய அடுத்தடுத்த குறியீடுகளை மட்டும் பார்த்தே ஒரு திருடன் 47-ஐக் கண்டுபிடித்துவிடலாம். எப்படி?

(விடை: 11-உடன் 100-ஐக் கூட்டி, 64-ஐக் கழியுங்கள்.)